டாக்டர் சொன்ன சொல்லும் அண்ணனின் கையும்

துணி துவைக்கும் மிஷின்களை ரிப்பேர் செய்கிற ஒருவன் இருக்கிறான். தெருவில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று தனியாக உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

உட்காரத் தெரியாத ஆள். சாப்பிடும்போதும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பான். முடி வெட்டப் போனால் வெட்டுகிறவர் தலையை ஆட்டாதே, ஆட்டாதே என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் இவன் ஆடுகிற பக்கமெல்லாம் கத்தரிக்கோலைக் கொண்டுபோவார். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் கதவுக்கு எண்ணெய் விடுவான். ஓடிக்கொண்டிருக்கிற கடிகாரத்தைத் திறந்து பார்ப்பான். மூடிய பிறகு அது ஓடுமா என்பது அந்தக் கடிகாரத்தின் தலையெழுத்து.

அவனுடைய அண்ணன் அப்படியே நேர் எதிர். துணி ஆலை ஒன்றில் பாய்லர் பார்க்கிறவர். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி எது, ஆள் எது என்று தெரியாது. பேச்சும் அப்படித்தான். இவன் பத்து வார்த்தை பேசினால் அவர் தலையை மட்டும் ஒரு தடவை அசைப்பார். "உங்க அண்ணனுக்குச் சும்மா உக்காந்திருக்கத்தான் சம்பளமா?" என்று யாராவது கேட்டால் பம்பரமும் சேர்ந்து சிரிப்பான். "ஆமா, அந்த வேலைய எனக்குக் குடுத்தா நான் ஒரு நாள்ல செத்துருவேன்" என்பான்.

அந்த அண்ணன் ஆலையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வலியில் சுருண்டு கிடந்தவரை ஆலைக்காரர்கள் வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தால் நடந்துவிடுவார் என்று சொன்னார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரி. மறுநாள் காலையில் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை. கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கினார். முறிந்த இடுப்போடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். ஆள் நாலு பேர் பிடித்து, மெத்தென்ற துணிப்பட்டையால் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். கட்டிய பிறகும் வலது கை மட்டும் நிற்கவில்லை. பட்டைக்குள் திருகித் திருகி, மணிக்கட்டுத் தோல் சிவந்துவிட்டது.

டாக்டர் வந்து பார்த்தார். கூட வந்த சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ சொன்னார். அதில் ஒரே ஒரு சொல் பம்பரத்தின் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அஜிடேட்டட்.

அது அவனுக்குத் தெரிந்த சொல்லின் தம்பியோ அண்ணனோ மாதிரி இருந்தது. பழைய மாடல் மிஷின்களில் தொட்டிக்கு நடுவே இறக்கை வைத்த தண்டு ஒன்று நிற்கும். இப்படி அரைச் சுற்று, அப்படி அரைச் சுற்று என்று திரும்பித் திரும்பித் துணியைக் கலக்கும். அதற்கு அஜிடேட்டர் என்று பெயர். அதன் பல் தேய்ந்துபோனதை மாற்றி மாற்றித்தான் மகளைப் படிக்க வைத்தான். கம்பியில் கட்டிக் கிடந்த அண்ணனின் கையைப் பார்த்தான். அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி. 

"டாக்டர், என்ன சொன்னீங்க எங்க அண்ணன?"

டாக்டர் பொறுமையான மனிதர். "பயப்படாதீங்க. ரத்தத்துல உப்பு குறைஞ்சிருக்கு, வலி மருந்து வேற. இந்த வயசுல சில பேருக்கு இப்படி ஆகும். ஏத்திக்கிட்டுதான் இருக்கோம். ஆனா இவரு இப்படியே உருண்டுகிட்டு இருந்தா ஆபரேஷன் பண்ண முடியாது. பண்ணாம படுக்கையிலயே கிடந்தாலும் ஆபத்து, நெஞ்சுல சளி கட்டும். தூக்க மருந்தையும் கூட்டிக்கிட்டே போக முடியாது. நாளைக்குள்ள கொஞ்சம் அடங்கட்டும். தெரிஞ்ச முகம் பக்கத்துல இருந்தா நல்லது. பேசிக்கிட்டு இருங்க."

பக்கத்தில் இருப்பது, பேசுவது. இரண்டில் ஒன்றுதான் பம்பரத்துக்கு வரும். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினான். நடந்த நடையில் கட்டில் சக்கரம் ஒன்று ஆடுவது கண்ணில் பட்டது. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் குனிந்துவிட்டான். தலைக்கு மேல் மின்விசிறி வேறு டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஸ்டூலில் ஏறலாமா என்று பார்த்தபோது சிஸ்டர் வந்துவிட்டாள்.

"சார், கட்டில்ல ஆளு இருக்கும்போது சக்கரத்தக் கழட்டுறீங்களே, நீங்க அட்மிட் ஆகல இல்ல?"

"ஆடுது சிஸ்டர்."

"நீங்கதான் ஆடுறீங்க. வெளிய போயி கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க."

வெளியே போனான். போனவனை அந்தச் சொல் விடவில்லை. கைக்குச் சிக்காத நட்டு மாதிரி மண்டைக்குள் சுற்றியது. என்ன வியாதி என்று தெரிந்தால்தானே எதைக் கழற்றி எதை மாட்டுவது என்று தெரியும். வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் கேட்டான். அந்த மனுஷன் ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தவர்.

"அஜிடேஷனா? போராட்டம்யா அது. ஜனங்களக் கிளப்பி விடுறது. நாங்க பண்ணாததா?"

"எங்க அண்ணன் கையக் கட்டிப் போட்டுருக்காங்க."

"அப்ப போராட்டம்தான்" என்றார் வாட்ச்மேன், வெகு திருப்தியாக.

மகளுக்குப் போன் போட்டான். அவள் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள்.

"அம்மாடி, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பாரு. அஜிடேட்டட்."

"எதுக்குப்பா? பெரியப்பா எப்படி இருக்காரு?"

"அதத்தான் அந்த வார்த்தை சொல்லுதாம். பாரு."

அவள் பார்த்து வாசித்தாள். "கலங்கிய. கிளர்ச்சியுற்ற. கொந்தளிப்பான. பதற்றமடைந்த. மனம் அலைக்கழிந்த... இன்னும் போகுதுப்பா. உலுக்கப்பட்ட. தூண்டிவிடப்பட்ட."

"இரு இரு. இதுல எது?"

"எல்லாம் ஒண்ணுதான்பா."

"எல்லாம் எப்படி ஒண்ணாகும்? பதினொண்ணாம் நம்பர் ஸ்பேனரும் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரும் ஒண்ணா? மாத்திப் போட்டா நட்டு வழுக்கிரும்."

"அப்பா, முதல்ல உக்காருங்க. நீங்க நடக்குற சத்தம் இங்க கேக்குது."

போனை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அண்ணன் மேல் மாட்டிப் பார்த்தான். கிளர்ச்சியா? அவர் வாழ்நாளில் யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. கொந்தளிப்பா? பாய்லர் கொந்தளிக்கும், அவர் கொந்தளிக்க மாட்டார். பதற்றம் என்பது கொஞ்சம் உட்கார்ந்தது, ஆனால் லூசாக இருந்தது. பயந்தவன் கை நடுங்கும். அண்ணன் கை நடுங்கவில்லை, வேலை செய்கிறது. உண்மையைச் சொன்னால் மகள் வாசித்த அத்தனை சொல்லும் சரியாக மாட்டுகிற ஆள் வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். அது அவனுக்கே தெரிந்ததால் இன்னும் வேகமாக நடந்தான்.

வார்டுக்குத் திரும்பி வந்தால் அண்ணி அண்ணனின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது.

"என்ன தம்பி, டாக்டர் சொன்னதுக்கு அர்த்தம் தெரிஞ்சுதா?"

"ஒரு வண்டி அர்த்தம் இருக்கு அண்ணி. ஒண்ணும் பொருந்தல."

"இதுக்கு எதுக்கு அர்த்தம் பாக்கணும்? மனுஷன் தவிக்கிறாரு. பாத்தாலே தெரியலையா?"

குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பினாள். "எதுக்கும்மா தவிக்கிறாரு?"

அண்ணி விழித்தார். பம்பரமும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நின்றான். மகள் வாசித்த பட்டியலில் தவிப்பு இல்லை. இருந்த சொல்லெல்லாம் கலங்கிப்போனதைச் சொன்னது, எதற்கு என்று சொல்லவில்லை. தண்ணீருக்குத் தவிப்பான், பிள்ளைக்குத் தவிப்பான், வீட்டுக்குப் போகத் தவிப்பான். ஒன்றுமே இல்லாமல் எவனும் தவிக்க மாட்டான்.

சிஸ்டர் சொன்னாள். "நானும் காலையிலேர்ந்து பாக்குறேன். சும்மா கைய இழுக்கல இவரு. கொஞ்சம் திருப்புறாரு, நிறுத்துறாரு, சுவத்துல மேல பாக்குறாரு, மறுபடி திருப்புறாரு. மேல ஒண்ணும் இல்ல. என்ன வேலை பாத்தாரு?"

"பாய்லர்" என்றார் அண்ணி. சொன்ன வாயை மூடாமல் அப்படியே இருந்தார். "ஐயோ தம்பி. இவரு குடுக்கலையே."

"எத?"

"ஷிப்ட."

அதற்குப் பிறகு அண்ணி சொன்னதுதான் இந்தக் கதையின் அச்சு. பாய்லரை ஆள் இல்லாமல் விடக்கூடாது. மாற்று ஆள் வந்தால் மட்டும் போதாது. வந்தவன் தண்ணீர் வால்வின் சக்கரத்தில், இவர் கைமேல் தன் கையை வைத்து "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். இவர் "குடுத்துட்டேன்" என்று சொல்லிக் கையை எடுப்பார். எழுதி வைத்த சட்டம் இல்லை, அந்த பாய்லர் ரூம்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். அதைச் சொல்லாமல் ஒண்ணுக்குக்கூடப் போக மாட்டார்கள். "வீட்டுக்கு ஏன் லேட்டுனு கேட்டா, ஆள் வந்து வாங்கலனு சொல்லுவாரு. நேத்து இவரத் தூக்கிட்டு வந்துட்டாங்கள்ல. யாரும் வாங்கல. அங்கயேதான் நிக்கிறாரு இன்னும்."

"சரி, நான் வாங்கிக்கிறேன்" என்றான் பம்பரம். கட்டிலைச் சுற்றிப் போய் அண்ணன் கைமேல் கையை வைத்தான். தொண்டையைச் செருமினான். "அண்ணே. வாங்கிட்டேன்."

அண்ணன் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஒழுங்கான பேச்சு வந்தது.

"நீயா? போடா அந்தப் பக்கம். எதையாவது கழட்டிருவ."

கையைத் தள்ளிவிட்டு மறுபடி திருகினார். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். பம்பரத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அண்ணனுக்குத் தன்னை அடையாளம் தெரிந்தது ஒரு பக்கம் ஆறுதல். தன்னிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற நம்பிக்கை, புத்தி தடுமாறிய நிலையிலும் அவருக்கு இல்லை என்பது இன்னொரு பக்கம்.

மாற்று ஆளுக்கு ஆலையில் ஆந்தை என்று பெயர். எப்போதும் ராத்திரி ஷிப்டைக் கேட்டு வாங்குகிறவர். அண்ணன் விழுந்துவிட்டதால் இன்றைக்குப் பகல் ஷிப்டை அவர்தான் பார்க்கிறாராம். போன் போட்டால் எடுக்கவில்லை. பம்பரம் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

பாய்லர் ரூம் ஆலையின் பின்பக்கம் இருந்தது. உள்ளே அனல் முகத்தில் அறைந்தது. ஆந்தை ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த மீட்டரையும் கண்ணாடிக் குழாயில் நின்ற தண்ணீர் மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவன் யார் என்று தெரிந்ததும் முகம் செத்துவிட்டது.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"வந்து பாக்க வேண்டியதுதானே. போனையும் எடுக்கல."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" ஆந்தை மீட்டரைப் பார்த்தபடியே பேசினார். "நேத்து நான்தான் லேட்டு. வண்டி பஞ்சர். ஷிப்டு முடிஞ்சும் அவரு எனக்காக நின்னாரு. நின்ன நேரத்துலதான் வழுக்குச்சு. நான் நேரத்துக்கு வந்திருந்தா இந்நேரம் அவரு வீட்டுல காலாட்டிக்கிட்டு இருப்பாரு."

பம்பரத்துக்கு இது தெரியாது. கையை மடக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

"அடிக்கிறதுனா ஷிப்டு முடிஞ்சதும் அடிங்க" என்றார் ஆந்தை. "இப்ப நான் கண்ண எடுக்க முடியாது."

அப்படிச் சொல்லுகிறவனை எப்படி அடிப்பது? மடக்கிய கையைப் பிரித்தான். பிறகு விஷயத்தைச் சொன்னான். கை, சுவர், கட்டு, டாக்டர் சொன்ன கெடு, எல்லாம். ஆந்தை கேட்டுக்கொண்டே ஒரு தடவை சக்கரத்தைத் தொட்டுத் திருப்பினார்.

"என்னப் பாத்தா அவருக்கு இன்னும் ஏறாதா? கோவத்துல இறங்கி எதாவது பண்ணிட்டா?"

"ஏறலாம். இறங்கலாம். எனக்குத் தெரியாது. நான் சொல்லிப் பாத்தேன், போடானு சொல்லிட்டாரு. கிளம்புங்க."

"மாத்து ஆள் வந்து வாங்கினாத்தான் கிளம்ப முடியும். சாயங்காலம் ஆகும்."

பம்பரத்துக்குத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரியில் அண்ணன் நிற்பதும் இதற்குத்தான், இங்கே இவர் நிற்பதும் இதற்குத்தான். "ஒரு நிமிஷம் விட்டா என்ன ஆகும்?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் ஆந்தை. "உக்காருங்க."

உட்கார இருந்தது அண்ணனின் நாற்காலி ஒன்றுதான். கைப்பிடி மழமழவென்று தேய்ந்திருந்தது. பம்பரம் அதில் உட்கார்ந்தான். எழுந்தான். கதவு வரைக்கும் போய் வந்தான். ஒரு குழாயின் மூட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. கை தானாகப் பைக்குள் போனது.

"தொடாதீங்க."

"ஒழுகுது. அதுலதான வழுக்குச்சு?"

"அதேதான். ஓடும்போது தொட்டா வெந்துருவீங்க. நிறுத்திட்டுத்தான் முறுக்கணும். ஞாயித்துக்கிழம நிறுத்துவாங்க."

மறுபடி உட்கார்ந்தான். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஆந்தையின் கையைப் பார்த்தான். மட்டம் ஒரு நூல் இறங்கும். அவர் கை சக்கரத்துக்குப் போகும். கொஞ்சம் திருப்பும். நிற்கும். கண் மேலே மீட்டருக்குப் போகும். மறுபடி கொஞ்சம். அசப்பில் அண்ணனின் கை. மட்டம் நின்றதும் கை திரும்பி வந்து தொடையில் படுத்துக்கொள்ளும். பார்க்கிறவனுக்கு ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். சும்மா இல்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. காது ஒரு சத்தத்தில், கண் ஒரு கோட்டில், ஒரு பொழுது முழுக்க. இதைப் பார்த்தா சிரித்தோம் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை. எழுந்து நடந்தால் நினைப்பு போய்விடும், ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு மாற்று ஆள் வந்தார். ஆந்தையின் கைமேல் கையை வைத்து வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். 

கட்டிய கைகளைப் பார்த்ததும் ஆந்தை வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பம்பரம் முதுகில் கையை வைத்துத் தள்ளினான், மெதுவாகத்தான். அண்ணி ஸ்டூலை நகர்த்தி வழி விட்டார். சிஸ்டர் எதற்கும் இருக்கட்டும் என்று கட்டிலின் அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

ஆந்தை திருகிக்கொண்டிருந்த கைமேல் தன் கையை வைத்தார்.

அண்ணன் திரும்பினார். ஆந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 

"ஏன் லேட்டு?"

"வண்டி பஞ்சர்ணே."

"ம். தண்ணி?"

"பாதிக்கு மேல நிக்குது."

"மீட்டரு?"

"அளவாத்தான் இருக்குண்ணே."

அண்ணன் மறுபடி சுவரைப் பார்த்தார். வெறும் சுவர்தான். அதில் எதைப் படித்தாரோ, தலையை ஒரு தடவை அசைத்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

"கீழ ஒழுகுது. தரையெல்லாம் ஈரம். நீ பாத்து நட."

ஆந்தை குனிந்து தரையைப் பார்த்தார். "சரிண்ணே" என்றார். இன்னொரு தடவை "சரிண்ணே" என்றார். "வாங்கிட்டேன்."

"குடுத்துட்டேன்."

கை நின்றது. கட்டுக்குள் அது விரல் விரலாகத் தளர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. ஆந்தை வராந்தாவுக்குப் போய், தண்ணீர்க் குழாயடியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீர் குடித்தார்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "உப்பும் ஏறியிருக்கு, நல்லது" என்றார். சிஸ்டர் நடந்ததைச் சொன்னதும், "அதுவும் நல்லதுதான். ரெண்டும் சேந்ததா இருக்கும். ராத்திரி எப்படி இருக்காருனு பாப்போம். காலைல இப்படியே இருந்தா ஆபரேஷனுக்கு எடுத்துக்கலாம்" என்றார். காலையில் எப்படி இருக்கும் என்று அவராலும் சொல்ல முடியாது. வலது கைக்கட்டை மட்டும் அவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணி, நீங்க வீட்டுக்குப் போயி குளிச்சுத் தூங்குங்க. ஆந்தை கொண்டுபோயி விடுவாரு. நான் இருக்கேன்."

அண்ணி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை அவன் காலையில் அண்ணனிடம் ஒரு தடவை பார்த்திருக்கிறான். அண்ணனின் வலது கை மெத்தையில் கிடந்தது. அண்ணியின் கை அதன்மேல் இருந்தது. பம்பரம் தன் கையை அதற்கும் மேலே வைத்தான்.

"வாங்கிட்டேன் அண்ணி."

அண்ணி உடனே கொடுக்கவில்லை. "ராத்திரி முழிச்சா யாராவது பக்கத்துல இருக்கணும். ஸ்டூல விட்டு எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்க மாட்டேன்."

"எதையும் கழட்டக் கூடாது."

"ஸ்பேனர் பைய நீங்களே எடுத்துட்டுப் போங்க."

பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார். "சரி. குடுத்துட்டேன்."

பம்பரம் ஸ்டூலில் உட்கார்ந்தான். கால் ஆடியது. அதைக் கையால் பிடித்துக்கொண்டான். விட்டால் மறுபடி ஆடியது. அண்ணன் குறட்டை ஒரு சமயம் நின்றது. இவனுக்கு நெஞ்சு நின்றது. பிறகு இரண்டும் ஓட ஆரம்பித்தன. தலைக்கு மேல் மின்விசிறி டக் டக் என்று அடித்தது. ஒரே ஒரு திருகாணிதான் லூஸ், கீழேயிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்தான். அண்ணன் கையைப் பார்த்தான். மறுபடி மின்விசிறியைப் பார்த்தான். உட்கார்ந்தே இருந்தான்.